பத்து டாலர்

சுப்பீரியர் ஊரில் பிப்ரவரி.
ஏரி கல்லாகிக் கிடந்தது.
சாவியைத் திருப்பினேன். என் பழைய ப்யூக்
டிக் என்றது.
இன்னொரு முறை டிக் என்றது.
பிறகு அதுவும் இல்லை.

இழுவை வண்டிக்குத் தொண்ணூறு.
ஸ்டார்ட்டர், பேட்டரி, இரண்டு மணி நேரக் கூலி:
முந்நூற்றுப் பதினெட்டு டாலர் நாற்பது சென்ட்.
பெரும்பாலும் ஒற்றை நோட்டுகளாகக் கொடுத்தேன்.
எண்ணிய பெண்ணுக்கு
விரலை நனைக்கும் வேலை இருக்கவில்லை,
நோட்டுகளில் ஏற்கெனவே சிரப்.

பதினொரு வருடமாகத் தட்டு தூக்குகிறேன்.
மணிக்கு இரண்டு டாலர் முப்பத்து மூன்று சென்ட்
முதலாளி தருவது.
மிச்சத்தை மேசைகள் தரும்.
ஆகவே இந்த விஷயத்தில்
யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.
சாஸருக்கடியில் பதுங்கும் கால் டாலரை அறிவேன்.
இருபது டாலர் போல மடித்து வைத்து
பிரித்தால் இரட்சிப்புக்கு வழி சொல்லும் துண்டுத்தாளை அறிவேன்.
கொஞ்சம் சிரித்தால் குறைந்தா போய்விடும் என்றவன்
வைத்துவிட்டுப் போன
ஒன்றுமில்லாததையும் அறிவேன்.

மெக்கானிக் சட்டையில் கேரி என்று தைத்திருந்தது.
கேரி, நன்றி என்றேன்.
இது முன்னால் இருந்தவன் சட்டை,
நான் எய்னோ, என்றான்.
காகிதக் கோப்பை ஒன்றை நீட்டினான்.
இந்த ப்யூக்கில் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில்.
ஏப்ரனைச் சுருட்டி நான் பின்னால் எறிந்த ராத்திரிகளெல்லாம்
அங்கே சில்லறையாக உதிர்ந்திருக்கின்றன.
கோப்பையின் மேல் மார்க்கரில் எழுதியிருந்தான்: 7.65.
உள்ளே ஒரு ஹேர்பின்னும்,
யாருக்கோ நான் கொண்டுபோக மறந்த
இரண்டு முட்டைக்கான ஆர்டர் சீட்டும்.

கோட்டுப் பைக்குள் ஒரு பத்து டாலர்
என் விரலிடுக்கில் வியர்த்துக்கொண்டிருந்தது.

முடி வெட்டுகிறவனுக்கு உண்டு.
பல் பிடுங்குகிறவருக்கு இல்லை.
குனிந்து செய்யும் வேலைக்கு உண்டு என்றால்
பல் மருத்துவர் மட்டும் குனியாமலா பிடுங்குகிறார்?
கை அழுக்கானால் உண்டு என்றால்
அது இன்னும் மோசமான கணக்கு.
பில்லில் கூலி என்று ஒரு வரி இருக்கிறது.
அதில் எவ்வளவு எய்னோவுக்கு,
எவ்வளவு அந்த வெப்பமான அலுவலகத்துக்கு?
கேட்கவில்லை.
என்னிடமும் இதுவரை யாரும் கேட்டதில்லை.

உண்மையைச் சொன்னால் தடுத்தது கணக்கு அல்ல.
வாங்கும்போது எனக்கு ஒரு முகம் உண்டு.
கண்ணுக்குப் போகாமல் கன்னத்தோடு நின்றுவிடுகிற
ஒரு மலர்ச்சி.
நோட்டை நீட்டினால்
அது அவன் முகத்தில் ஏறிவிடுமோ என்று பயம்.
பிஸ்டனைப் பார்க்கிற மாதிரிதான் அதுவரை
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
நன்றாக இருந்தது.

கொடுக்காமல் வந்துவிட்டேன்.
பாலத்தில் ஏறும்போது பனி தூற்றியது.
வைப்பர் சத்தமே இல்லாமல் துடைத்தது.
புது பிளேடுகள், இரண்டும்.
ரசீதைப் பிரித்தேன். மடித்தேன். பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.
ரசீதில் பிளேடு இல்லை.

சனிக்கிழமை அவன் எங்கள் கடைக்கு வந்தான்,
நான்காம் மேசை, என் பகுதி.
ருபார்ப் பை, காபி, காபிக்கு மேல் காபி.
தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ளவில்லை.
வண்டி ஓடுகிறதா என்றான்,
ஓடுகிறது என்றேன்.
பில் ஒன்பது நாற்பது.
ஒன்பது நாற்பது வைத்துவிட்டுப் போனான்.

எண்ணினேன்.
சாஸரைத் தூக்கிப் பார்த்தேன்.
மறுபடி எண்ணினேன்.
வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்தது,
பாதியில் சிரிப்பும் வந்து
இரண்டும் தொண்டையில் முட்டிக்கொண்டன.
பதினொரு வருடத்தில் என்னிடம்
பையை மட்டும் வாங்கிப்போன முதல் ஆள்.

அந்தப் பத்து டாலர்
இன்னும் வண்டியின் டாஷ்போர்டு அறைக்குள்
ரசீதோடு மடங்கிக் கிடக்கிறது.
வாடகை ஒன்றாம் தேதி.
அன்றைக்குப் பிறகும் அது அங்கேயே இருந்தால்
கொடுத்திருக்கலாமா என்று
அப்போது கேளுங்கள், சொல்கிறேன்.